காசைப் பொறுக்கச் சொன்ன டாக்டர்

டொராண்டோவில் என் வலது தோளைப் பிடித்துவிட ஒரு மணி நேரத்துக்கு 120 டாலர். அதன்மேல் 13 சதவீத வரி. நம்மூர்க் கணக்கில் எட்டாயிரம் ரூபாய்க்கு மேல். கம்பெனி இன்சூரன்ஸ் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடுவதால் அந்த வலி மட்டும் இல்லை. டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் மசாஜ் சிகிச்சை என்பது சட்டப்படி ஒழுங்குபடுத்தப்பட்ட மருத்துவத் தொழில். ரசீதில் சிகிச்சையாளரின் பதிவு எண் இல்லாவிட்டால் இன்சூரன்ஸ்காரன் ஒரு சல்லிக்காசு தரமாட்டான். முதல் நாள் போனால் இரண்டு பக்கப் படிவம்: ரத்த அழுத்தம் உண்டா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாயா, எங்கே தொடலாம், எங்கே கூடாது. எல்லாவற்றுக்கும் கையெழுத்து.

இந்த ஜூனில் மூன்று வாரம் ஊருக்குப் போயிருந்தேன். பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். பெங்களூரில் இறங்கி ஓசூர் வழியாக வந்தால் சென்னையைத் தொடாமலே வீட்டுக்குப் போய்விடலாம். அம்மாவுக்கு 71 வயது. வாசற்படி இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு காலாக வைத்தார். வீடியோ காலில் முகம்தானே தெரிகிறது, கால் எங்கே தெரிகிறது?

கிருஷ்ணகிரியில் வாழ்க்கைப்பட்டிருக்கும் தங்கச்சிதான் சொன்னாள். "அண்ணா, இங்க பெங்களூர் ரோட்டுல ஒரு வெல்னஸ் சென்டர் வந்திருக்கு. உடம்பு புடிக்க ஒருத்தர், யோகா டாக்டர் ஒருத்தங்க, மனசுக்குன்னே தனியா ஒருத்தர். அம்மாவையும் கூட்டிட்டு வா, உன் தோளையும் காட்டிக்கலாம்."

காரிமங்கலத்தில் நெடுஞ்சாலையைப் பிடித்து, காவேரிப்பட்டினத்தில் நிறுத்தி அம்மா நிப்பட்டு வாங்கி மடியில் கட்டிக்கொண்டார். மாங்காய் சீசன். கூழ் தொழிற்சாலைகளுக்குப் போகும் லாரிகள் வரிசைகட்டி நின்றன. காற்றெல்லாம் பழுத்த வாடை. முப்பது வருடத்துக்கு முன்னால் இதே வாடைக்காகவே பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடிப்பேன்.

சென்டர் ஒரு மாடியில். படியேறியதும் புல்லாங்குழல் இசை, எலுமிச்சைப் புல் வாசனை, கல்லில் புத்தர் தலை. இந்த மாதிரி இடங்களில் புத்தர் தலை இல்லாவிட்டால் கரண்ட் கனெக்‌ஷன் தரமாட்டார்கள் போலிருக்கிறது. வரவேற்பில் இருந்த பெண், நான் உட்காரும் முன்பே, "பத்து சிட்டிங் பேக்கேஜ் சார், ரெண்டு பேருக்கும் சேத்தா டிஸ்கவுன்ட், என்ஆர்ஐ-க்கு ஸ்பெஷல் ரேட்" என்றார். நான் என்ஆர்ஐ என்று யார் சொன்னது? கையில் தூக்கிக்கொண்டு திரிந்த ஸ்டீல் தண்ணீர் பாட்டில் காட்டிக் கொடுத்திருக்கும். படிவம் எதுவும் இல்லை. பெயர், போன் நம்பர், கூகுள் பே. பில் கேட்டதற்கு, "வேணும்னா போடலாம் சார், ஜிஎஸ்டி தனியா வரும்" என்ற பதில்.

எரிச்சலோடுதான் உள்ளே போனேன். அந்த எரிச்சலைப் போக்கியவர் உடம்பு பிடிப்பவர். கன்னியாகுமரிப் பக்கம், நாற்பது வயதிருக்கும், பேச்சில் லேசாக மலையாள இழுப்பு. ஒரு ஆசானிடம் எட்டு வருடம் இருந்து வர்மம் கற்றவராம். காகிதத்தில் கேட்காத கேள்வியெல்லாம் இவர் நிற்க வைத்தே கேட்டார். எந்தப் பக்கம் படுப்பீங்க, மவுஸ் எந்தக் கை, சின்ன வயசுல மரத்துல இருந்து விழுந்திருக்கீங்களா, சுகர் இருக்கா. பிறகு நாடி. பிறகு கையை மெல்லத் தூக்கிப் பார்த்து, எந்த இடத்தில் முகம் சுளிக்கிறேன் என்று கவனித்தார்.

"மசாஜ்னு சொல்லாதீங்க சார். தொக்கணம்." சித்த மருத்துவத்தில் உள்ளுக்குக் கொடுக்கும் மருந்து 32 வகை, வெளியே செய்யும் மருத்துவமும் 32 வகை. அந்த வெளி மருத்துவத்தில் ஒன்று தொக்கணம். அதிலும் ஒன்பது விதம். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே எண்ணெயைச் சூடு பார்த்தார். ஒன்டாரியோ அம்மணி நேராகத் தோள்பட்டைக்குள் கட்டைவிரலை இறக்குவார். இவர் தோளைத் தொடவே இருபது நிமிடம் எடுத்துக்கொண்டார். முன்னங்கை, முழங்கைக்கு மேலே, அக்குளுக்குப் பின்னால் என்று ஊர்கோலம் வந்து, கடைசியில்தான் தோள். அதற்குள் அது பாதி இளகிவிட்டிருந்தது.

நம்மூர்ச் சலூன்களில் முடி வெட்டி முடித்ததும் தாடையைப் பிடித்துக் கழுத்தைப் படக்கென்று திருப்புவார்களே, அதை இவரும் செய்வாரோ என்று பயந்துகொண்டே படுத்திருந்தேன். கேட்டேவிட்டேன். "கழுத்துல சொடக்கு எடுக்க மாட்டேன் சார். அப்படி எடுத்து, ஒரு பக்கம் கையே விளங்காமப் போன ஒருத்தர ஆசான் வீட்டுக்குத் தூக்கிட்டு வந்தாங்க. ஆசான் தொடாம ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டார்." கழுத்தெலும்பு வழியாக மூளைக்கு ஏறும் ரத்தக் குழாய், அந்த வெடுக்கென்ற திருப்பலில் உள்ளே கிழிந்து பக்கவாதம் வரலாம். டொராண்டோவில் எனக்கு வகுப்பு மாதிரி எடுத்துச் சொன்னதை, இவர் ஒரு ஆளை வைத்துச் சொல்லிவிட்டார். இப்படி ஆசானிடம் கற்று உடம்பு பிடிப்பவர்களுக்கு நம்மூரில் ஒன்டாரியோ மாதிரி பதிவு எண் எதுவும் கிடையாது. ஆளின் பேச்சைக் கேட்டு நாமேதான் எடைபோட வேண்டியிருக்கிறது.

குறையும் உண்டு. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. நான் அரைத் துண்டோடு குப்புறக் கிடக்கையில் ஒரு பையன் கதவைத் திறந்து, "அண்ணா, பைக் சாவி எங்க?" என்று கேட்டுவிட்டுப் போனான். 1,800 ரூபாய் வாங்குகிறவர்கள் முப்பது ரூபாய்த் தாழ்ப்பாள் போடக் கூடாதா?

மனசுக்கானவரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். வெண்கலக் கிண்ணங்களை என் தலைமாட்டில் வைத்துக் கட்டையால் தேய்த்து ஓசை எழுப்பினார். நாற்பது நிமிடம் அருமையான தூக்கம், பொய் சொல்லக் கூடாது. எழுந்ததும், "உங்க அப்பா மேல இருக்குற கோபம்தான் தோள்ல உக்காந்திருக்கு" என்றார். என் தோளில் உட்கார்ந்திருப்பது தினம் பத்து மணி நேர லேப்டாப். அப்பா பாவம், அவர் போய்ச் சேர்ந்து பதினோரு வருடம் ஆகிறது. எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். ஆன்லைனில் வார இறுதி வகுப்புகள் என்றார். அதை ஒளிக்காமல் சொன்னாரே, அந்த மட்டும் மரியாதை. மாத்திரையை நிறுத்து, பிபி-யைக் கிண்ணம் குறைக்கும் என்று யாருக்கும் சொல்லாதவரை அவரால் கெடுதல் இல்லை.

அடுத்து அம்மா. யோகா, இயற்கை மருத்துவம் ஐந்தரை வருடம் படித்த பெண் டாக்டர். முப்பதைத் தாண்டியிருக்க மாட்டார். அம்மா போய் உட்கார்ந்ததும் முழங்காலைப் பார்க்கவில்லை. "சிரிங்கம்மா" என்றார். அம்மா வெட்கப்பட்டுச் சிரித்தார். பல்லில் குறுக்கே பழுப்புக் கோடுகள். எங்கள் ஊரில் பாதிப்பேருக்கு அந்தக் கோடு உண்டு, எனக்கும் உண்டு.

"பொறந்த ஊர் எது? கட்டிக்கிட்டு வந்த ஊர் எது? அங்க என்ன தண்ணி குடிச்சீங்க?"

"எல்லாம் போர் தண்ணிதான் கண்ணு. வேற என்னா இருந்துது?"

டாக்டர் பர்ஸிலிருந்து ஒரு ஐந்து ரூபாய்க் காசை எடுத்துத் தரையில் போட்டார். "முட்டிய மடக்காம, குனிஞ்சு எடுங்கம்மா." அம்மாவால் முடியவில்லை. காசுக்கும் விரலுக்கும் ஒரு முழம் இடைவெளி. "முகவாயை நெஞ்சுல வைங்க." பாதி தூரம். "ரெண்டு கையையும் விரிச்சு, மடக்கி, பின்னந்தலைல கோத்துக்கங்க." ஒரு கை போயிற்று, இன்னொன்று காதோடு நின்றது.

பிறகுதான் என் பக்கம் திரும்பினார். வயசான தேய்மானமாகவும் இருக்கலாம். ஆனால் தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். பாறையிலிருந்து கரைந்து வருவது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. தாண்டினால் முதலில் பல்லில் கறை, வருடக்கணக்கில் போனால் எலும்பிலும் மூட்டு நார்களிலும் படிந்து முதுகும் கழுத்தும் இறுகும். அந்த எலும்பு எக்ஸ்ரேயில் கெட்டியாகத் தெரியும், ஆனால் எளிதில் முறியும். "அதனால இவங்களுக்கு அழுத்திப் புடிக்கிறது வேண்டாம் சார். முன்னங்கைக்கு ஒரு எக்ஸ்ரே, இடுப்புக்கு ஒண்ணு, யூரின்ல புளோரைடு. அரசு மருத்துவமனையில பாத்துட்டு வாங்க, அப்புறம் பேசலாம்."

அம்மாவின் பத்து சிட்டிங்கையும் அவரே எழுந்து போய் ரத்து செய்யச் சொன்னார். வரவேற்புப் பெண்ணின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கன்சல்டிங் 500 ரூபாய் மட்டும். சாப்பாட்டுக்கு ஒரு சீட்டு: கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை, பால், நெல்லிக்காய். கடுங்காப்பி போல நாளைக்கு நாலு தடவை குடிக்கும் பால் இல்லாத டீயை நிறுத்தச் சொன்னார், தேயிலையிலேயே புளோரைடு இருக்கிறதாம். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமானின் ஊர்க்காரர்களுக்கு நெல்லிக்காயைச் சீட்டில் எழுதித் தர வேண்டியிருக்கிறது.

கனடாவில் பல் டாக்டர் முதல் நாளே என்னிடம் கேட்டிருந்தார், நீ எந்த ஊரில் வளர்ந்தாய் என்று. டொராண்டோவில் பல் சொத்தையாகாமலிருக்க மாநகராட்சியே குழாய்த் தண்ணீரில் புளோரைடை அளந்து கலக்கிறது, லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவாக. எங்களுக்கு அளக்க ஆள் இல்லாமல் பூமியே கலந்து கொடுத்தது. என் பல்லுக்கு அன்றே விடை தெரிந்தும், அம்மாவின் முதுகோடு அதைச் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கல் போனேன். மசாஜ் என்றால் எங்களுக்கு அதுதானே. அப்பா வருடம் ஒருமுறை பென்னாகரம் வழியாகக் கூட்டிப்போய்ப் பாறையில் உட்கார வைப்பார். இப்போதும் எண்ணெய்ப் பாட்டிலோடு "அண்ணா மசாஜ், அண்ணா மசாஜ்" என்று பின்னாலேயே வருகிறார்கள். பெரியவர் ஒருவர் முதுகில் தாளம் போட்டு, தலையில் எண்ணெய் வைத்துத் தட்டி, அருவிக்குள் தள்ளிவிட்டார். 400 ரூபாய். கேள்வி கிடையாது, நாடி கிடையாது. சுகமாக இருந்தது. மறுநாள் விலா எல்லாம் வலி. மீன் வறுவலைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

அரசு மருத்துவமனையில் காலை ஏழரைக்குச் சீட்டு வாங்கி, மதியம் ஒன்றரைக்கு எக்ஸ்ரே. எலும்பு மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, முன்னங்கையின் இரண்டு எலும்புக்கும் நடுவே இருக்கும் மெல்லிய சவ்வைக் காட்டினார். அங்கே சுண்ணாம்பு படிந்த மாதிரி வெள்ளைக் கோடு. புளோரைடுதான், முதுகிலும் இருக்கிறது என்றார். படிந்ததைச் சுரண்டி எடுக்க முடியாது, மேற்கொண்டு படியாமல் பார்த்துக்கொள்ளலாம், வலிக்கு மருந்து, அளவான பயிற்சி. தண்ணீரை மாற்றுங்கள்.

தண்ணீர் மாறியிருக்கிறது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த இரண்டு மாவட்டத்துக்காகவே ஜப்பான் கடனுதவியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013-லேயே தொடங்கியும் வைத்தாகிவிட்டது. எங்கள் தெருக் குழாயிலும் காவிரி வருகிறது. ஆனால் அம்மா அதைத் துணி துவைக்கவும் மாட்டுக்கும் பிடித்துவிட்டு, குடிக்கவும் சோறு வடிக்கவும் போர் தண்ணீரையே எடுத்துக்கொண்டிருந்தார். ஏன் என்றால், "அது சப்புன்னு இருக்குதுடா. நம்ம தண்ணிலதான் பருப்பு ருசியா இருக்குது."

சண்டை போட்டு, குடிநீருக்கென்று தனித் தொட்டி கட்டி, மூடி போட்டு, காவிரிக் குழாயை அதோடு இணைத்துவிட்டு வந்தேன். டாக்டரம்மாவிடம் படத்தைக் காட்ட மறுபடி போனபோது தினம் செய்ய நாலு எளிய அசைவுகள் சொல்லிக்கொடுத்தார். கன்னியாகுமரிக்காரர், எண்ணெயைச் சூடாக்கி மேலோட்டமாகத் தடவ மட்டும் தங்கச்சிக்குக் கற்றுக் கொடுத்தார், அதற்குக் காசு வாங்கவில்லை.

கிளம்பும் முந்தின நாள் சாயங்காலம் அம்மா திண்ணையில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுப் பெண்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "அஞ்சு ரூபா காசைக் கீழ போட்டுப் பொறுக்கச் சொல்லிட்டு, எம்மவன்கிட்ட ஐநூறு ரூபா புடுங்கிட்டாங்க!" ஒரே சிரிப்பு. அதென்ன அப்படி முடியாத வேலை என்று ஒருத்தி தன் சுருக்குப் பையிலிருந்து காசை எடுத்துத் தெருவில் போட்டாள். முட்டியை மடக்காமல் குனிந்தார்கள், ஒருவர் பின் ஒருவராக, நான்கு பேர். மூன்றாவதாகக் குனிந்தவர் பாதியிலேயே நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு வயது ஐம்பதுகூட ஆகவில்லை. நான்காவது ஆள் காசைத் தொடவில்லை. சிரிப்பு நின்றுவிட்டது. எந்த ஆஸ்பத்திரி, எத்தனை மணிக்குச் சீட்டு என்று என்னிடம் கேட்டார்கள்.