தேரி மணலில் ஜிம்னி: பெரிய டயரிலிருந்து பாதி வழி திரும்பி வந்த கதை

திசையன்விளைப் பக்கம் தேரியை (செம்மணல் மேட்டை) ஒட்டி இருக்கும் எங்கள் முருங்கைத் தோட்டத்துக்குப் போய்வருவதற்காக, 2023 செப்டம்பரில் மாருதியின் நான்கு சக்கர இழுவை வண்டியான ஐந்து கதவு ஜிம்னியை வாங்கினேன். இப்போது ஓடோமீட்டர் 41,000 கிலோமீட்டரைக் காட்டுகிறது. அந்த எண்ணை முழுதாக நம்ப முடியாததற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அந்த ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழைக்குப் பிறகு தோட்டத்துப் பாதை நடுவில் முதுகும் இருபுறமும் பள்ளமுமாக அரித்துப்போனது. முன்னும் பின்னும் திட அச்சு (இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் ஒரே தண்டு) கொண்ட வண்டி என்பதால், சஸ்பென்ஷனை எவ்வளவு உயர்த்தினாலும் உடல்தான் மேலே போகுமே தவிர, அச்சின் நடுவில் தொங்கும் டிஃபரென்ஷியல் குடம் (சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்தப் பெரிய டயர் ஒன்றே வழி. கம்பெனி டயர் 195/80 ஆர்15, விட்டம் 693 மில்லிமீட்டர். நான் போட்ட 235/75 ஆர்15 ஏறத்தாழ 733 மில்லிமீட்டர். ஆக, குடத்துக்கு அடியில் கிடைத்தது 20 மில்லிமீட்டர்தான். அந்த டயர் உரசாமல் சுழல 2 அங்குல லிஃப்ட் (உயரமான ஸ்பிரிங் போட்டு உடலைத் தூக்குவது) வேண்டும் என்றார் பட்டறைக்காரர். "தூக்கிட்டா வண்டி கெத்தா நிக்கும் அண்ணாச்சி" என்று அவர் சொன்னதும் என் முடிவில் பாதி என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நெடுஞ்சாலைக்கு வந்ததும் வினை தொடங்கியது. உடல் உயர்ந்ததும் முன் அச்சைப் பிடித்திருக்கும் கைகள் கீழ்நோக்கிச் சாய்ந்து, காஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சு பின்பக்கம் சாய்ந்திருக்கும் அளவு) குறைந்துவிட்டது. திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்கு வர மறுத்தது. அச்சைப் பக்கவாட்டில் நகராமல் பிடித்திருக்கும் பான்ஹார்டு ராடின் நீளம் பழையபடியே இருந்ததால் அச்சு சில மில்லிமீட்டர் ஒரு பக்கமாக இழுபட்டு நின்றது. இவற்றோடு ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் காற்றையும் சேர்த்துப் பாருங்கள்: பணகுடியைத் தாண்டிக் காவல்கிணறு வரை, குறுகலான உயர்ந்த வண்டியை ஒரு தடத்தில் வைத்திருப்பதே வேலையாகிப்போனது. லிஃப்ட் போட்ட பட்டறையில் டோ அளவை (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவை) மட்டும் சரிசெய்துவிட்டு அலைன்மென்ட் முடிந்ததாகச் சொன்னார்கள். அச்சுக் கைகளின் இணைப்பில் மாட்டிக் காஸ்டரை ஈடுகட்டும் புஷ்களைப் பற்றி அங்கே யாரும் வாய் திறக்கவில்லை. எனக்கும் அப்போது கேட்கத் தெரியவில்லை.

134 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை கொண்ட 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சினுக்கு இந்தக் கனம் பிடிக்கவில்லை. எதிர்காற்றில் ஐந்தாம் கியர் பெயருக்குத்தான் இருந்தது. லிட்டருக்கு 15 கிடைத்த இடத்தில் 12.5 என்று கணக்கு வந்தபோது மனம் கசந்தது. ஆனால் டயர் விட்டம் 5.8 விழுக்காடு கூடியதால் ஓடோமீட்டர் அந்த அளவுக்குக் குறைத்தே எண்ணுகிறது என்பதைப் பிறகு உணர்ந்தேன். திருத்திப் பார்த்தால் 13.2. இழப்பு இழப்புதான், ஆயினும் நான் புலம்பிய அளவுக்கு இல்லை.

மாஞ்சோலைக்கு வனத்துறை அனுமதி பெற்று ஒரு முறை ஏறினேன். மணிமுத்தாறு சோதனைச் சாவடியைத் தாண்டிய கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போதெல்லாம் டயர் உட்புறம் அச்சுக் கையில் உரசியது. பழைய ஷாக் அப்சார்பர்களையே வைத்திருந்ததால், பள்ளத்தில் சக்கரம் இறங்கும் ஒவ்வொரு முறையும் அவை நீட்சியின் எல்லையைத் தொட்டு "டக்" என்று அடித்தன.

பதினான்கு மாதம் பொறுத்துவிட்டு, 215/75 ஆர்15 டயருக்கும் 1 அங்குல ஸ்பிரிங்குக்கும் இறங்கி வந்தேன். இம்முறை அந்த உயரத்துக்கு ஏற்ற ஷாக், காஸ்டர் புஷ், நீளம் மாற்றக்கூடிய பான்ஹார்டு ராடு மூன்றையும் ஒன்றாகவே மாட்டினேன். ஸ்பிரிங் தேர்வில் என் அறிவுரை ஒன்றுதான்: என்றோ ஒருநாள் ஏற்றும் பாரத்துக்கு வாங்காதீர்கள். முருங்கைக் கட்டு ஏற்றும் நாள் வாரத்தில் ஒன்று. மற்ற ஆறு நாளும் இரண்டு பேர்தான். கடினமான ஸ்பிரிங் போட்டால் அந்த ஆறு நாளும் பின்பக்கம் துள்ளும்.

குடத்துக்கு அடியில் இப்போது கூடுதலாக இருப்பது 5 மில்லிமீட்டர்தான். பாதையின் முதுகில் ஒரு பக்கச் சக்கரங்களை ஏற்றி ஓட்டப் பழகியபின் அது போதுமானதாக இருக்கிறது. தேரி மணலில் புதைவதற்கோ டயர் அளவு காரணமே அல்ல. தோட்டத்துக்குப் போகும் வழியில் பஞ்சர் கடை வைத்திருக்கும் பெரியவர் முதல் மாதமே சொன்னார்: "காத்தைக் குறைச்சுப் பாருங்க அண்ணாச்சி, வண்டி தானா ஏறும்." அவர் பேச்சைக் கேட்காமல்தான் இத்தனை செலவு. சாலையில் 28 பவுண்டு வைப்பதைத் தேரி விளிம்பில் 16 ஆக்கினால், டயர் மணலில் பதியும் தடம் நீண்டு, வெட்டி இறங்காமல் மேலே மிதந்து போகிறது. வேகம் 30-ஐத் தாண்டக் கூடாது. சட்டென்று ஒடித்தால் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும். மழைக்குப் பின் இறுகிய தேரியில் இதுவும் தேவைப்படாது. காற்றுக் காலத்தில் நேற்றைய தடத்தை இன்று மணல் மூடியிருக்கும், அப்போதுதான் கட்டாயம். திரும்பக் காற்றடிக்க ஒரு சிறு கம்ப்ரசரும் நம்பகமான அளவுமானியும் போதும்.

உயர்த்தியவர்கள் ஹெட்லைட்டைத் தாழ்த்தி வைக்க மறக்க வேண்டாம். பதிவுச் சான்றுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. காப்பீட்டுக்காரரிடம் மாட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். நான் கேட்டது மாட்டிய பிறகுதான். கழற்றிய கம்பெனி ஸ்பிரிங்குகள் நான்கும் எண்ணெய் தடவிச் சாக்கில் கட்டி, தோட்டத்து மோட்டார் அறைப் பரணில் இருக்கின்றன.