ரைசன் மாஸ்டர்: பிராசசருக்கு நல்ல துணை, ரேமுக்கு அல்ல

ரைசன் பிராசசர்கள் 2017ஆம் ஆண்டு வெளிவந்தபோது அவற்றோடு சேர்த்து ஏஎம்டி நிறுவனம் இலவசமாகக் கொடுத்த மென்பொருள் ரைசன் மாஸ்டர். கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் பயாஸ் திரையைத் திறக்கவே தயங்குபவர்கள் விண்டோஸில் இருந்தபடியே பிராசசரையும் ரேமையும் ஓவர்கிளாக் செய்துகொள்ளலாம், அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேல் இயக்கலாம் என்பதே இதன் கவர்ச்சி. பிராசசரைப் பொறுத்தவரை அந்த வாக்குறுதியை இது பெரும்பாலும் காப்பாற்றுகிறது. ரேமைப் பொறுத்தவரை, வசதியாக இருக்கிறது என்பதற்காகவே புதியவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும் என்பது என் கருத்து.

முதன்முறை திறக்கும்போது வரும் எச்சரிக்கையைப் படிக்காமல் தாண்டிவிடக்கூடாது. நிர்ணயித்த அளவுகளுக்கு மேல் இயக்கியதால் ஏற்படும் சேதத்துக்கு ஏஎம்டியின் உத்தரவாதம் பொருந்தாது; அவர்களே கொடுத்த மென்பொருளால் செய்தாலும் பொருந்தாது. மதர்போர்டும் இடம் கொடுக்க வேண்டும். பி650, எக்ஸ்670 சிப்செட்டுகள் (மதர்போர்டின் கட்டுப்பாட்டு சிப்புகள்) கொண்டவற்றில் பிராசசரை ஓவர்கிளாக் செய்யலாம், ஏ620இல் முடியாது. லினக்ஸுக்கு இந்த மென்பொருள் இல்லை.

நிறுவியவுடன் எதையும் மாற்றாமல், சில நாட்கள் வெறுமனே கவனித்துக்கொண்டிருப்பதே நல்ல தொடக்கம். பிராசசருக்குள் தனித்தனியாகக் கணக்கிடும் பகுதிகளான கோர்கள் ஒவ்வொன்றின் வேகம், வெப்பநிலை, மின்னழுத்தம், பிராசசர் எடுத்துக்கொள்ளும் வாட் அளவு ஆகியவை ஒரே திரையில் தெளிவாகத் தெரிகின்றன. மிகத் திறமையான கோருக்கு நட்சத்திரக் குறியும் உண்டு. ரைசன் 5 7600எக்ஸ் முழுச் சுமையில் 95 டிகிரி செல்சியஸை நெருங்குவதைக் கண்டு பலர் பதறுகிறார்கள். அது அந்தப் பிராசசருக்கு ஏஎம்டி வகுத்த மேல்வரம்பு. அதை எட்டியதும் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆனால் கூலரால் இதற்கு மேல் தாக்குப்பிடிக்க முடியவில்லை என்பதையும் அந்த எண் சொல்கிறது. அந்த நிலையில் மின்னழுத்தத்தைக் கூட்டுவதில் பொருளே இல்லை.

கைமுறை ஓவர்கிளாக் வசதியைத்தான் புதியவர்கள் முதலில் தேடுவார்கள், அதிலிருந்துதான் இன்று மிகக் குறைந்த பலன் கிடைக்கிறது. 7600எக்ஸின் அடிப்படை வேகம் 4.7 கிகாஹெர்ட்ஸ், ஓரிரு கோர்களுக்கு மட்டும் வேலை இருக்கும்போது அது தானாகவே 5.3 வரை ஏறும். எல்லாக் கோர்களையும் 5.1இல் பூட்டினால் அந்த உச்சம் பறிபோகும். கூடவே, பூட்டிய வேகத்தைத் தாங்க மின்னழுத்தத்தையும் உயர்த்த வேண்டியிருக்கும். மின்செலவு மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், வேகம் மாறாமல் மின்னழுத்தம் மட்டும் 10 சதவீதம் உயர்ந்தாலே மின்செலவு ஏறக்குறைய 21 சதவீதம் உயர்ந்துவிடும். தானியங்கி ஓவர்கிளாக் பொத்தானும் எனக்கு நிறைவு தரவில்லை. அது தரும் சிறிய வேகத்துக்கு வெப்பம் அதிகம்.

மென்பொருளின் உண்மையான பலம் கர்வ் ஆப்டிமைசர் பகுதியில் இருக்கிறது. ரைசன் 5000 வரிசையோடு வந்த இந்த வசதி, எந்த வேகத்துக்கு எவ்வளவு மின்னழுத்தம் என்று தொழிற்சாலையில் வகுத்த வரைகோட்டை ஒவ்வொரு கோருக்கும் தனித்தனியாக இறக்கவோ ஏற்றவோ விடுகிறது. ஓர் எண் நகர்த்தல் என்பது ஏறக்குறைய 3 முதல் 5 மில்லிவோல்ட். எல்லாக் கோர்களுக்கும் மைனஸ் 10 என்று தொடங்குவது அடக்கமான முதற்படி. மின்னழுத்தம் குறைவதால் வெப்பம் குறைகிறது. மிச்சமான வெப்ப இடைவெளியைப் பிராசசர் தானே கூடுதல் வேகமாக மாற்றிக்கொள்கிறது. ஒவ்வொரு கோருக்கும் பொருத்தமான எண்ணை மென்பொருளே தேடித் தரவும் செய்யும், நேரம் மட்டும் நிறையப் பிடிக்கும். நட்சத்திரக் குறி பெற்ற கோர்கள் ஏற்கெனவே தங்கள் எல்லையை ஒட்டி ஓடுபவை என்பதால், பெரும்பாலும் அவற்றுக்கே குறைவான இறக்கம் பொருந்தும்.

இங்கே ஒரு பொறி உண்டு. எல்லாக் கோர்களும் உழைக்கும் சினிபெஞ்ச் போன்ற சோதனையில் வேகம் சற்றுத் தணிந்திருப்பதால், மின்னழுத்தக் குறைபாடு அங்கே வெளிப்படாமல் போகலாம். உலாவியில் எதையோ படித்துக்கொண்டிருக்கும்போது ஒரே ஒரு கோர் உச்ச வேகத்துக்குத் தாவும். கணினி அப்போதுதான் சொல்லாமல் கொள்ளாமல் மறுதொடக்கம் ஆகும். ரைசன் மாஸ்டருடன் வரும் சோதனை குறுகியது, இதைப் பிடிக்கும் என்று நம்ப முடியாது. கோர்சைக்கிளர் என்ற இலவசக் கருவி ஒவ்வொரு கோரையும் தனித்தனியாக ஓட்டிப் பார்க்கிறது; அதை ஓர் இரவு முழுவதும் ஓடவிட்டு, விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் ஹீயா (WHEA) எனப்படும் வன்பொருள் பிழைகள் பதிவாகியிருக்கின்றனவா என்று பார்ப்பது அவசியம்.

ரேம் விஷயத்தில் மென்பொருளின் இடமே தவறானது. இதில் எக்ஸ்போ எனப்படும், ரேம் தயாரிப்பாளரே வேகத்தையும் மின்னழுத்தத்தையும் குறித்துவைத்த விவரத்தொகுப்பைத் தேர்ந்தெடுத்தால் கணினி மறுதொடக்கம் ஆகி, இன்னும் சோதிக்கப்படாத ரேம் அமைப்புடன் நேரே விண்டோஸுக்குள் நுழைகிறது. பிராசசர் தடுமாறினால் பெரும்பாலும் உடனே தெரிந்துவிடும். ரேம் தடுமாறினால் ஒரே ஒரு பிட் மாறிப்போய், அந்தப் பிழையோடு கோப்பு வன்தட்டில் எழுதப்பட்டுவிடும். புகைப்படமோ கணக்குக் கோப்போ கெட்டது மாதங்கள் கழித்தே தெரியவரும். டிடிஆர்5 வகை ரேமின் சிப்புகளுக்குள் பிழைதிருத்தம் இருப்பது உண்மைதான், ஆனால் அது சிப்புக்குள் நேரும் பிழைக்கு மட்டுமே. ரேமிலிருந்து பிராசசருக்குச் செல்லும் வழியில் நேரும் பிழையை அது காணாது. ஆகவே எக்ஸ்போவை பயாஸிலேயே இயக்கி, பென்டிரைவிலிருந்து மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனைக் கருவியை ஓட்டி, ஒரு பிழைகூட இல்லாமல் முடிந்த பிறகே விண்டோஸைத் திறப்பது முறை. இலவசப் பதிப்பு நான்கு சுற்றுகள் வரை ஓட்டித் தரும், தொடக்கத்துக்கு அது போதும்.

எக்ஸ்போவும் ஓவர்கிளாக்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி உறுதியளிக்கும் ரேம் வேகம் வினாடிக்கு 5200 மெகாடிரான்ஸ்ஃபர். நான்கு ரேம் பட்டைகள் செருகினால் வெறும் 3600. டிடிஆர்5-6000, சிஎல்30 (சிஎல் என்பது கேட்ட தரவைத் தரும் முன் ரேம் எடுத்துக்கொள்ளும் சுற்றுகளின் எண்ணிக்கை) கொண்ட இரு பட்டைகள் இந்தத் தலைமுறைக்கு நல்ல தேர்வு. பெரிய எண்ணைத் துரத்துவதால் பயன் இல்லை: 6000இல் சிஎல்30 என்பது 10 நானோவினாடித் தாமதம், 6400இல் சிஎல்36 என்பது 11.25. தவிர, 6000ஐத் தாண்டும்போது பல மதர்போர்டுகள் ரேம் கட்டுப்பாட்டுப் பகுதியைப் பாதி வேகத்துக்கு இறக்கிவிடுகின்றன. எக்ஸ்போவை இயக்கிய முதல் தடவை திரை சில நிமிடங்கள் கறுப்பாகவே இருக்கலாம். ரேமின் நேரக்கணக்குகளை மதர்போர்டு சரிபார்த்துக்கொண்டிருக்கிறது, பொறுமையிழந்து மின்சாரத்தை அணைக்கக்கூடாது.

எந்த வழியில் செய்தாலும் ஒரு மின்னழுத்தத்தைத் தனியே கண்காணிக்க வேண்டும். 2023 ஏப்ரலில் ரைசன் 7000எக்ஸ்3டி பிராசசர்கள் சில எரிந்துபோன செய்திகள் வந்தபின், பிராசசருக்குள் ரேம் கட்டுப்பாட்டுப் பகுதி உள்ளிட்டவற்றுக்குச் செல்லும் எஸ்ஓசி மின்னழுத்தம் 1.3 வோல்ட்டைத் தாண்டாதபடி தடுக்கும் பயாஸ் புதுப்பிப்புகள் வெளியிடப்பட்டன. பழைய பயாஸுடன் எக்ஸ்போவை இயக்குவது தேவையில்லாத துணிச்சல். ரைசன் மாஸ்டரின் திரையிலேயே இந்த எண்ணைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆக, கண்காணிக்கவும் கர்வ் ஆப்டிமைசருக்கும் இதைத் தயங்காமல் நிறுவலாம். கைமுறை வேகப்பூட்டு பக்கம் போக வேண்டியதில்லை. ரேம் பகுதியைத் தொடவே வேண்டாம். நிலைத்து ஓடும் எண்களைத் தாளில் குறித்துவைத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் பயாஸைப் புதுப்பிக்கும்போது அவை பெரும்பாலும் அழிந்துவிடும். அவற்றைத் திரும்ப உள்ளிட்டபின் மெம்டெஸ்ட்86ஐ மறுபடியும் ஓட்ட வேண்டும். பழைய பயாஸில் பிழையின்றி ஓடிய ரேம் புதியதிலும் அப்படியே ஓடும் என்பதற்கு உறுதி இல்லை.