பால் ஊற்றினாலும் தாங்குகிற டீ: லண்டனிலும் மான்செஸ்டரிலும் குடித்துப் பார்த்தது

இங்கிலாந்துக்குப் புதிதாக வருகிற நம் ஆட்கள் வீடு, வங்கிக் கணக்கு எல்லாம் முடிந்ததும் கேட்கிற கேள்வி, "இங்கே நல்ல ஸ்ட்ராங் டீ எது?" சூப்பர்மார்க்கெட்டில் டீக்கென்றே ஒரு வரிசை முழுக்க அடுக்கி வைத்திருப்பார்கள். எல்லா டப்பாவும் தன்னைத்தான் திடமானது என்று சொல்லிக்கொள்ளும். இதில் பெரும்பாலானவற்றைப் பல வருடங்களாகக் காலையும் மாலையும் குடித்தவன் என்ற முறையில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உப்புத் தண்ணீர், அதாவது கடினநீர், வருகிற ஊரில் இருந்தால் யார்க்‌ஷயர் டீயின் கடினநீர் வகை. நல்ல மென்மையான தண்ணீர் வருகிற ஊரில் இருந்தால் அயர்லாந்தின் பேரீஸ் கோல்டு பிளெண்ட். பிராண்டைப் பார்க்கும் முன்னால் உங்கள் வீட்டுக் குழாயைப் பாருங்கள் என்பதுதான் விஷயம்.

தண்ணீருக்குப் போகும் முன் தூளைப் பற்றி கொஞ்சம். பிரிட்டன், அயர்லாந்து இரண்டு நாட்டின் அன்றாட டீயும் கலவைதான். அசாம், கென்யா, ருவாண்டா என்று பல தோட்டங்களின் தூளைச் சுவைபார்ப்பவர்கள் விகிதம் மாற்றி மாற்றிக் கலந்து, வருடம் முழுக்க ஒரே ருசி வரும்படி பார்த்துக்கொள்கிறார்கள். அசாம் திடம் தரும். வறுத்த தானியம் போல ஒரு வாசனை அதில் உண்டு. கென்யத் தூள் சிவப்பு நிறமும் நாக்கில் சுருக்கென்ற சுறுசுறுப்பும் தரும். ருவாண்டா மேட்டுநிலத் தேயிலை கோப்பைக்குத் தெளிவு கொடுக்கும். டீ பேக்கில் இருப்பதில் பெரும்பாலும் சிடிசி முறையில் நசுக்கிக் கிழித்துச் சுருட்டிய குருணை. 1930களில் அசாமில் வில்லியம் மக்கெர்ச்சர் கொண்டுவந்த முறை அது. நம் ஊர் டீக்கடைத் தூளும் அதே வழியில் வருவதுதான். குருணை சிறிதாக இருப்பதால் சில நிமிடத்தில் சாறு இறங்கிவிடும்.

பாலில் இருக்கும் கேசீன் புரதம் டீயின் துவர்ப்பைப் பிடித்து அடக்கிவிடும். அதனால் பால் ஊற்றுவதற்கு முன் வாயில் வைத்தால் 'ஆகா' என்று இருக்கிற டீ, ஊற்றிய பிறகு காணாமல் போகலாம். நான் எந்த டப்பாவை வாங்கினாலும் பால் ஊற்றி, கொஞ்சம் ஆறவிட்டு, அப்புறம்தான் தீர்ப்புச் சொல்வேன்.

கடையிலேயே செய்யக்கூடிய ஒரு கணக்கும் உண்டு. டப்பாவின் எடையைப் பேக் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். யார்க்‌ஷயர், பேரீஸ் இரண்டும் 80 பேக்குக்கு 250 கிராம், அதாவது ஒரு பேக்கில் 3 கிராமுக்குச் சற்று மேல். டுவைனிங்ஸ் இங்கிலீஷ் பிரேக்ஃபாஸ்ட் ஒரு பேக் 2.5 கிராம். 1706இல் லண்டன் ஸ்ட்ராண்டில் தொடங்கிய பழம்பெரும் கடை அது. வாசனை நயமாக இருக்கும், பால் இல்லாமல் குடிப்பவர்களுக்கு நான் தாராளமாகச் சிபாரிசு செய்வேன். ஆனால் பெரிய மக்கில் பால் ஊற்றிக் குடிக்கிற நமக்கு அந்த அரை கிராம் பெரிய வித்தியாசம். 'பிரேக்ஃபாஸ்ட்' என்ற பெயரை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம்.

இனித் தண்ணீர். லண்டனில் இருந்த காலத்தில் கெட்டிலின் உள்பக்கம் சில வாரத்திலேயே வெள்ளையாகப் படிந்துவிடும். சுண்ணாம்புப் பாறை வழியாக ஊறி வரும் தண்ணீர், அதனால் கால்சியமும் பைகார்பனேட்டும் அதிகம். அந்தத் தண்ணீரில் டீ போட்டால் மேலே ஒரு படலம் ஏடு மாதிரி மிதக்கும். மக்கின் ஓரத்தில் பழுப்பு வளையம் ஒட்டிக்கொள்ளும். அது தூளின் அழுக்கு இல்லை. கால்சியமும் காற்றுப்பட்ட டீச்சாறும் சேர்ந்து உண்டாவது. இரண்டு சொட்டு எலுமிச்சை விட்டால் உடனே மறையும், ஆனால் பால் டீயில் எலுமிச்சை விட முடியாதே. நிறமும் ஏமாற்றும். உப்புத் தண்ணீரில் டீ கருகருவென்று திடமாகத் தெரியும், வாயில் வைத்தால் மந்தமாக இருக்கும். அம்மா வந்திருந்தபோது ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னடா, பார்க்கத்தான் டிகாக்‌ஷன் மாதிரி இருக்கு, உள்ளே ஒண்ணுமே இல்லையே" என்றார். லண்டன் டீயைப் பற்றி அதைவிடச் சரியான விமர்சனத்தை நான் இன்னும் கேட்கவில்லை.

இதற்கு இரண்டு வழி. வடிகட்டி ஜக்கில் தண்ணீரை ஊற்றி வைத்துக்கொள்வது ஒன்று. படலம் பெருமளவு போய்விடும், கெட்டிலும் பிழைக்கும். வடிகட்டியை மறக்காமல் மாற்ற வேண்டும், அது தனிச் செலவு. இன்னொன்று, கடினநீருக்கென்றே கலந்த டீ வாங்குவது. 1886இல் தொடங்கிய, ஹாரோகேட் ஊர் டெய்லர்ஸ் நிறுவனம் அந்தந்த ஊர்த் தண்ணீருக்கு ஏற்றபடி டீ கலந்து கொடுத்த பழக்கம் உள்ளது. அவர்கள் 1977இல் கொண்டுவந்ததுதான் யார்க்‌ஷயர் டீ. சாதாரண டப்பா, கோல்டு, கடினநீர் வகை என்று தனித்தனியாக வரும். லண்டன் குழாய்த் தண்ணீரில் சாதாரண வகைக்கும் கடினநீர் வகைக்கும் உள்ள வித்தியாசம் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாலே தெரியும். பின்னதில் சுறுசுறுப்பு திரும்ப வந்துவிடுகிறது. படலம் முழுக்கப் போகாது, அதை எதிர்பார்க்கவும் கூடாது. ஆனால் சாப்பாட்டுக்குப் பிறகும் நாக்கில் நிற்கிற டீ அது. விலையில் பெரிய வேறுபாடு கிடையாது. சில கடைகளில் அலமாரியின் கீழ்த்தட்டில் ஒளித்து வைத்திருப்பார்கள், குனிந்து தேடுங்கள்.

யார்க்‌ஷயர் கோல்டு? நல்ல டீதான். மணம் கூடுதல், முனை கொஞ்சம் மழுங்கியது. ஞாயிற்றுக்கிழமை நிதானமாகக் குடிக்கலாம். வேலைக்கு ஓடுகிற காலைக்குச் சாதாரண டப்பாவே போதும் என்பது என் கட்சி.

மான்செஸ்டருக்கு மாறியதும் எல்லாம் தலைகீழ். இந்த ஊருக்கு 1894 முதல் ஏரி மாவட்டத்தின் தேர்ல்மியர் நீர் நூறு மைலுக்குச் சற்றுக் குறைவான கால்வாய் வழியாக வருகிறது. அத்தனை மென்மையான தண்ணீர். கெட்டில் பளபள. அதே கடினநீர் டீயை அதே ஐந்து நிமிடம் ஊறவைத்தால் துவர்ப்பு தூக்கலாகி நாக்கை இழுத்துப் பிடிக்கிறது. சாதாரண யார்க்‌ஷயருக்கு மாறி, நேரத்தையும் நாலு நிமிடமாகக் குறைத்தேன். சரியாக வந்தது. ஆனால் என்னை மயக்கியது வேறு.

அலுவலகத்தில் அயர்லாந்தின் கார்க் நகரத்துக்காரர் ஒருவர் இருந்தார். அலுவலக டீ டப்பாவைத் தொடவே மாட்டார். மேசை இழுப்பறையில் சிவப்புப் பெட்டி ஒன்றைப் பூட்டி வைத்திருப்பார். பேரீஸ் கோல்டு பிளெண்ட். 1901இல் கார்க்கில் ஜேம்ஸ் பேரி தொடங்கிய கடை. அவருடைய பேரன் பீட்டர் பேரி 1980களில் அயர்லாந்தின் வெளியுறவு அமைச்சராக இருந்தார், 1985 ஆங்கிலோ-ஐரிஷ் ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் முக்கியமானவர். டீ வியாபாரக் குடும்பம் லண்டனோடு பேரம் பேசப் பழகியதுதானே என்று எனக்குத் தோன்றும். அந்த நண்பர் பழக்கிவிட்ட பிறகு எங்கள் வீட்டில் பேரீஸ் நிரந்தரம் ஆகிவிட்டது. பாலை எவ்வளவு ஊற்றினாலும் செம்பழுப்பு நிறம் விடாது. திடம் இருக்கிறது, முரட்டுத்தனம் இல்லை. மறந்துபோய்ப் பத்து நிமிடம் விட்டாலும் குடிக்க முடிகிறது, இது பெரிய விஷயம். பச்சைப் பெட்டியில் வருவது அவர்களுடைய ஒரிஜினல் பிளெண்ட், கொஞ்சம் லேசு. நான் சிவப்பில் நின்றுவிட்டேன். பெரிய சூப்பர்மார்க்கெட்டுகளில் டீ வரிசையில் காணோம் என்றால் வெளிநாட்டுச் சாமான் அலமாரியில் பாருங்கள், அயர்லாந்துப் பொருட்களோடு வைத்திருப்பார்கள்.

அயர்லாந்தில் பேரீஸா லயன்ஸா என்பது வீட்டுக்கு வீடு நடக்கிற சண்டை. லயன்ஸும் வாங்கிக் குடித்தேன். முதல் மிடறு சுறுசுறுப்பானது, ருசி நாக்கில் நிற்காமல் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. இதை அந்தக் கார்க் நண்பரிடம் சொன்னபோது அவர் முகத்தில் வந்த திருப்தியைப் பார்க்க வேண்டும். டீயை அந்த மக்கள் இப்படித் தூக்கி வைப்பதற்குப் பின்னால் ஒரு டீத் தட்டுப்பாடும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் அயர்லாந்து நடுநிலை வகித்தது. டீயோ லண்டன் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. பிரிட்டன் அனுப்புவதைக் குறைக்க, 1941இல் ஒரு ஆளுக்கு வாரத்துக்கு அரை அவுன்ஸ், சுமார் 14 கிராம் என்று ரேஷன் இறங்கியது. இன்றைய பேக் கணக்கில் வாரத்துக்கு ஐந்துகூட இல்லை. அதன் பிறகுதான் லண்டனை நம்பாமல் விளைகிற இடத்திலேயே வாங்க டீ இம்போர்ட்டர்ஸ் என்று ஒரு நிறுவனம் ஏற்படுத்தினார்கள்.

வட அயர்லாந்துப் பக்கம் போகிறவர்கள் பெல்ஃபாஸ்ட் தாம்ப்சன் குடும்பத்தின் பஞ்சானாவை விட்டுவிடாதீர்கள். அசாம் வாசனை தூக்கல், சர்க்கரை போட்டுக் குடிப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது நான் பார்க்கவில்லை. எங்கள் பக்கத்தில் எளிதில் கிடைப்பதில்லை, அதனால்தான் என் முதல் தேர்வாக ஆகவில்லை.

பிஜி டிப்ஸ் பற்றிக் கேட்பீர்கள். 3 ரோசஸ் பாக்கெட்டில் பார்த்த புரூக் பாண்டுதான் இதன் பிறந்த வீடு. ஆர்தர் புரூக் 1869இல் கடை போட்டது இந்த மான்செஸ்டரில்தான். பாண்டு என்று ஒரு கூட்டாளி இருந்ததே இல்லை, பெயர் நன்றாக ஒலிக்கிறது என்று சேர்த்துக்கொண்டாராம். 1930இல் சாப்பாட்டுக்கு முன் குடித்தால் செரிமானத்துக்கு நல்லது என்கிற பொருளில் 'ப்ரீ-ஜெஸ்ட்-டீ' என்று விற்றார்கள், கடைக்காரர்கள் சுருக்கிச் சுருக்கி பிஜி ஆனது. பிரமிடு பேக் 1996இல் வந்தது. டீ வேகமாக இறங்கும், அவசரக்காரர்களுக்கு ஏற்றது. எனக்கு அதில் திடத்தைவிடச் சுறுசுறுப்புதான் முன்னால் தெரிகிறது. டெட்லி இன்னும் மென்மை. 1953இல் பிரிட்டனுக்கு டீ பேக்கைக் கொண்டுவந்தவர்கள், 2000 முதல் டாட்டா வசம். நாள் முழுக்க மக்குமக்காகக் குடிப்பவர்களுக்குச் சரி.

கடைகளின் சொந்த பிராண்டு டீயை ஏளனமாகப் பார்க்க வேண்டாம். நல்ல கலவைகள் உண்டு, பாதி விலையில். ஆனால் ஒரு கடையின் மலிவு டப்பாவில் பேக் கிழிந்து கிழிந்து மக்கின் அடியில் வண்டல் தங்கியது; கடைசி மிடறைக் கொட்டிக்கொண்டே இருந்தேன். கடை பெயர் வேண்டாம்.

எந்த டப்பாவானாலும் போடுகிற விதத்தில் பாதி இருக்கிறது. கெட்டில் கொதித்து நின்ற நொடியில் ஊற்ற வேண்டும். நாலு, ஐந்து நிமிடம் விட வேண்டும். அலுவலகங்களில் அரை நிமிடம் முக்கி எடுத்துவிட்டு 'ஸ்ட்ராங்கா இல்லை' என்கிறார்கள். பேக்கை மெதுவாக ஒரு முறை அழுத்தினால் போதும். பேக் மக்கில் இருக்கும்போது பாலை ஊற்றாதீர்கள், சூடு இறங்கினால் சாறும் இறங்காது. பால் நீல மூடி, அதாவது முழுக் கொழுப்பு. கொழுப்பு குறைத்த பச்சை மூடிப் பாலில் போட்டால் இதே டீ ஒரு படி இளைத்துவிடும்.

நம் முறையில் பாலோடு கொதிக்க வைக்கலாமா? பேக்கை அப்படியே சட்டியில் போடாதீர்கள், இப்போது பல பேக்குகளில் பிஎல்ஏ என்கிற தாவர பிளாஸ்டிக் இருக்கிறது. பேரீஸ், யார்க்‌ஷயர் இரண்டும் உதிரித் தூளாகவும் வருகின்றன. கொதிக்க வைத்தால் திடம் வரும், கூடவே கென்யத் தூளின் துவர்ப்பும் ஏறும். இஞ்சி, ஏலக்காய் போடுகிற நாளில் அந்தக் கலவையின் நயமெல்லாம் வீண். அதற்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம் பக்கம் வாங்கிய நம் ஊர் டஸ்ட் டீயே மேல். அலமாரியில் இரண்டையும் தனித்தனி டப்பாவில் இறுக மூடி வைத்திருக்கிறேன். டீத்தூள் பக்கத்தில் இருக்கிற வாசனையை உறிஞ்சிக்கொள்ளும், சாம்பார்ப் பொடிக்கு அருகில் வைத்துவிடாதீர்கள்.

இரவு டீக்கு யார்க்‌ஷயர், பேரீஸ் இரண்டிலும் காஃபின் நீக்கிய வகை உண்டு. இரண்டும் பரவாயில்லை ரகம்தான், பால் ஊற்றினால் தளர்ந்துவிடுகின்றன. தூக்கம் கெடக்கூடாது, டீயும் டீயாக இருக்க வேண்டும் என்றால் ஒரு மக்குக்கு இரண்டு பேக் போடுங்கள்.