மஸ்ல் நூலகத்தின் சிஸ்டம் அழைப்பு மேக்ரோக்கள்: ஒரு மதிப்புரை

லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலிடம் ஒரு வேலையை ஒப்படைப்பதற்கு (இதுவே சிஸ்டம் அழைப்பு) சி நூலகத்துக்குத் தேவைப்படும் அசெம்பிளி வரிகள் மிகச் சொற்பமே. ஆனால் அந்த வரிகளைச் சுற்றி எழுப்பப்படும் மேக்ரோக்களை, அதாவது கம்பைலருக்கு முன்பே முழு நிரல்வரிகளாக விரிக்கப்படும் சுருக்கப் பெயர்களைப் படித்தாலே நூலகத்தை எழுதியவர்களின் கவனம் எவ்வளவு என்பது தெரிந்துவிடும். 2011-இல் முதலில் வெளியான மஸ்ல் என்ற சி நூலகத்தின் இந்தப் பகுதியை, குனு சி நூலகமான ஜிலிப்சியின் அதே பகுதியோடு ஒப்பிட்டுப் படித்ததில், தெளிவில் மஸ்ல் முந்துகிறது என்றும், வகைச் சோதனையில் அது காட்டும் அலட்சியம் மன்னிக்கத்தக்கதன்று என்றும் கருதுகிறேன்.

ஒவ்வொரு புராசஸர் கட்டமைப்புக்கும் ஒரே ஒரு சிறிய ஹெடர் கோப்பு உண்டு. ஆர்க்யூமென்ட் இல்லாத அழைப்பிலிருந்து ஆறு ஆர்க்யூமென்ட் கொண்ட அழைப்பு வரை ஏழு இன்லைன் ஃபங்ஷன்கள் (அழைக்கும் இடத்திலேயே பதிக்கப்படுபவை) அதில் இருக்கின்றன. எத்தனை ஆர்க்யூமென்ட் வந்தன என்று எண்ணி உரியதைத் தேர்ந்தெடுக்கும் வேலையை மட்டும் மேலே உள்ள பொது மேக்ரோ செய்கிறது. எக்ஸ்86-64 கோப்பில் நான்காவது ஆர்க்யூமென்டைக் கையாளும் இடம் நின்று படிக்கத்தக்கது. சி மொழியின் அழைப்பு மரபுப்படி அது ஆர்சிஎக்ஸ் ரெஜிஸ்டரில் (புராசஸருக்குள் உள்ள சிறு சேமிப்பிடம்) இருக்க வேண்டும். ஆனால் கெர்னலுக்குள் நுழையும் சிஸ்கால் கட்டளை திரும்பும் முகவரியை ஆர்சிஎக்ஸிலும் ஃபிளாகுகளை ஆர்11-இலும் எழுதிவிடுவதால், கெர்னல் அந்த ஆர்க்யூமென்டை ஆர்10-இல் எதிர்பார்க்கிறது. ஆர்10-ஐக் குறிக்க ஜிசிசி கம்பைலரில் தனி எழுத்துக் குறியீடு கிடையாது என்பதால், அந்த ரெஜிஸ்டரோடு பிணைத்த உள்ளூர் மாறி ஒன்றை அறிவிக்க வேண்டியிருக்கிறது. அத்தகைய மாறிக்கு மதிப்பளித்த பிறகு, அசெம்பிளி வரிக்கு முன்னால் வேறொரு ஃபங்ஷன் அழைப்பு புகுந்தால் மதிப்பு அழிந்துபோகலாம். மஸ்ல் அதை அசெம்பிளி வரிக்கு நேர் மேலேயே வைத்திருப்பதால் அந்த ஆபத்து எழவில்லை. நினைவகம் மாறக்கூடும் என்ற அறிவிப்பும் தவறாமல் இடம்பெற்றிருக்கிறது. அது இல்லாவிட்டால், ரீட் அழைப்புக்குப் பின்னும் பஃபரில் பழைய மதிப்புகளே இருப்பதாகக் கம்பைலர் கருதிவிடும்.

பிழையைக் கண்டறியும் முறையும் பாராட்டுக்குரியது. கெர்னல் பிழைகளை -1 முதல் -4095 வரையிலான எண்களாகத் திருப்புகிறது. எதிர்ம எண் என்றாலே பிழை என்று முடிவுகட்டிவிட முடியாது. 32-பிட் முறைமையில், நினைவகப் பகுதியைக் கேட்டுப் பெறும் எம்மேப் அழைப்பு திருப்பும் முறையான முகவரி 2 ஜிபிக்கு மேலே அமைந்தால், குறியுடைய எண்ணாகப் பார்க்கையில் அதுவும் எதிர்மமாகவே தோன்றும். எனவே குறியற்ற எண்ணாக ஒப்பிட்டு, உச்சியிலுள்ள அந்த 4095 மதிப்புகளை மட்டுமே பிழை எண்ணை வைக்கும் எர்நோ மாறிக்கு மாற்றுகிறது மஸ்ல். எம்ஐபிஎஸ், பிழையைத் தனியொரு ரெஜிஸ்டரிலும், பவர்பிசியின் பழைய எஸ்சி கட்டளை ஒரு நிலை பிட்டிலும் தெரிவிக்கின்றன. அந்தக் கோப்புகள் விடையின் குறியை அங்கேயே மாற்றிவிடுவதால், நூலகத்தின் மற்றப் பகுதி ஒரே விதியை அறிந்திருந்தால் போதும்.

ஐ386 கோப்பு மட்டும் அழகாக இல்லை. ஆறாவது ஆர்க்யூமென்டுக்கு ஈபிபி தேவைப்படுவதால் ஸ்டாக்கில் தள்ளியும் எடுத்தும் சமாளித்திருக்கிறார்கள். இது புராசஸரின் குறை, எழுதியவர்களுடையதன்று.

ஜிலிப்சியின் வழி வேறு. எளிய அழைப்புகளை ஓர் அட்டவணைக் கோப்பில் பெயர், ஆர்க்யூமென்ட் வகை, மாற்றுப் பெயர்கள் என்று பட்டியலிட்டு, ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் வழியாகச் சூடோ என்ற அசெம்பிளி மேக்ரோவால் ஃபங்ஷன்களை விரித்தெடுக்கிறார்கள். அட்டவணை நல்ல யோசனைதான். ஆனால் அந்த மேக்ரோ எந்த அடைவின் கோப்பிலிருந்து வருகிறது, எது எதை மறுவரையறை செய்கிறது என்று தேடப் புகுந்தால் பொறுமை கரைந்துவிடும். முடிவில், முன்செயலி விரித்த வெளியீட்டைப் பார்ப்பதே சுருக்கமான வழியாகிறது.

இரண்டுக்கும் உள்ள மிக முக்கியமான வேறுபாடு த்ரெட் ரத்தில், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் த்ரெட் ஒன்றை இன்னொரு த்ரெட் நிறுத்தச் சொல்வதில் இருக்கிறது. ஜிலிப்சி நெடுங்காலமாக அழைப்புக்கு முன் உடனடி ரத்தை அனுமதித்துவிட்டு, அழைப்பு முடிந்தபின் அதை விலக்கிக்கொண்டது. கோப்பைக் கெர்னல் திறந்து கொடுத்த பிறகு, அனுமதியை விலக்குவதற்கு முந்தைய நொடிப்பொழுதில் ரத்து வந்தால், திறந்த கோப்பின் எண் யாருக்கும் கிட்டாமல் போய்விடும். 2.41 பதிப்பில்தான் இது சரிசெய்யப்பட்டது. மஸ்லோ அழைப்புக் கட்டளையின் முன்னும் பின்னும் அடையாளங்களை நட்டு, ரத்துக்கான சிக்னல் வந்தபோது புராசஸர் அந்த எல்லைக்குள் நின்றதா என்று பார்த்தே ரத்து செய்கிறது. அடையாளங்கள் ஒரே இடத்தில் இருந்தாக வேண்டும் என்பதால் இந்தத் துண்டு மட்டும் இன்லைனாக அல்லாமல் தனி அசெம்பிளிக் கோப்பாக இருக்கிறது, அதுவே நியாயமும்கூட.

குறைக்கு வருவோம். பொது மேக்ரோ தன்னிடம் வரும் ஒவ்வோர் ஆர்க்யூமென்டையும் லாங் வகைக்குக் கட்டாயமாக மாற்றிவிடுகிறது. சுட்டி வர வேண்டிய இடத்தில் வெறும் எண்ணைத் தந்தாலும், இரண்டு ஆர்க்யூமென்டுகளை இடம் மாற்றித் தந்தாலும் கம்பைலர் வாய் திறப்பதில்லை. ஜிலிப்சியின் அட்டவணையில் வகைக்கென்று ஒரு நெடுவரிசையாவது இருக்கிறது.

சிறு நூலகமோ தொடக்க நிரலோ எழுதுவோருக்கு மஸ்லின் எக்ஸ்86-64, ஏஆர்ச்64 கோப்புகளைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். எம்ஐடி உரிமம் என்பதால், உரிம அறிவிப்பைச் சேர்த்துக்கொண்டு அப்படியே எடுத்தாளலாம். சாதாரணப் பயன்பாட்டு நிரல்களுக்கு இவை வேண்டியதில்லை. நூலகம் தரும் பொதுவான சிஸ்கால் ஃபங்ஷனே அவற்றுக்குப் போதும்.