செய்துகொடுப்பதா, தள்ளிவிடுவதா, பக்கத்தில் நிற்பதா?

என் மகள் ஷூ லேஸ் கட்டப் பழகிய நாட்கள் அவை. முதல் வளையத்தைப் பிடித்துக்கொள்வாள். இரண்டாவதைச் சுற்றும்போது முதலாவது விரலிடுக்கில் நழுவிவிடும். மறுபடி ஆரம்பிப்பாள். நேரமாகிறதே என்று நான் குனிந்து சட்டென்று கட்டிவிடுவேன். சில நாட்களில் அவள் முயல்வதையே விட்டுவிட்டாள். காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது.

பிள்ளையோ, மாணவரோ, வேலைக்குப் புதிதாக வந்தவரோ, ஒருவர் திணறும்போது நமக்கு மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, நாமே செய்துகொடுப்பது. வேலை உடனே முடியும், அழுகையும் நிற்கும். ஆனால் 'இது உன்னால் ஆகாது' என்று சொல்லாமல் சொல்லிவிடுகிறோம். பயந்த சுபாவமுள்ள பிள்ளைகளிடம் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். அவர்களுக்குப் பதில் நாம் பேசுவோம், பயப்படும் இடத்துக்குக் கூட்டிப்போகாமல் இருப்போம்; பயம் வளர்ந்துகொண்டேதான் போகும். யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் குழுவினர் பதற்றக் கோளாறு உள்ள 7 முதல் 14 வயது வரையிலான 124 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில் சிகிச்சை பிள்ளைகளுக்கு. இன்னொன்றில் பெற்றோரை மட்டும் அழைத்து, இப்படி வளைந்துகொடுப்பதைக் குறைக்கப் பழக்கினார்கள். 2020-இல் வெளியான முடிவு: இரண்டு பிரிவுப் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தார்கள். அந்தப் பெற்றோருக்குச் சொல்லித்தந்த பேச்சு எனக்கு மிகவும் பிடிக்கும்: 'உனக்குக் கஷ்டமாக இருக்கிறது, தெரிகிறது. உன்னால் சமாளிக்க முடியும், அதுவும் தெரியும்.' இரண்டு பாதியும் சேர்ந்தே வர வேண்டும்.

இரண்டாவது, 'பட்டால்தான் புத்தி வரும்' என்று தள்ளிவிடுவது. 'நான் அப்படித்தான் வளர்ந்தேன்' என்பார்கள். சரி, ஆனால் தனியாகவா வளர்ந்தார்கள்? ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 பேரை உளவியலாளர்கள் எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடும்பச் சிக்கல் எனப் பல சுமைகளோடு வளர்ந்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவர் நன்றாகத் தலையெடுத்தார். அவர்களிடம் திரும்பத் திரும்பக் காணப்பட்ட ஒன்று, நம்பிப் பற்றிக்கொள்ள ஒரு பெரியவராவது இருந்தது.

என் ஓட்டு மூன்றாவதற்குத்தான்: பக்கத்தில் நிற்பது, தேவையான அளவு மட்டும் கை கொடுப்பது. கேட்க எளிது, எவ்வளவு, எப்போது என்பதில்தான் சிரமம். இதற்கு உளவியலாளர் டேவிட் வுட்டும் கூட்டாளிகளும் 1978-இல் வெளியிட்ட சோதனை உதவுகிறது. 3, 4 வயதுப் பிள்ளைகளுக்கு மரத்துண்டுகளால் பிரமிடு கட்டக் கற்றுக்கொடுத்தார்கள். சிலருக்கு வாயால் சொல்லி, சிலருக்குச் செய்துகாட்டி, சிலருக்கு இரண்டையும் மாற்றி மாற்றி. நான்காவது முறையில், பிள்ளை தடுமாறினால் உதவியை ஒரு படி கூட்டினார்கள், சரியாகச் செய்தால் ஒரு படி குறைத்தார்கள். பிறகு தனியாகக் கட்டச் சொன்னபோது இந்தப் பிள்ளைகள்தான் முன்னே நின்றார்கள்.

வீட்டில் அதையே செய்தேன். முடிச்சு முழுவதையும் நான் போட்டு, கடைசி இழுப்பை மட்டும் அவளிடம் விட்டேன். அப்புறம் இரண்டாவது வளையம். அப்புறம் முதலாவது. அவள் கட்டியது வழியிலேயே அவிழும். உட்கார்ந்து திரும்பக் கட்டுவாள், நான் நின்றுகொண்டிருப்பேன்.

யாராவது கொடுமைப்படுத்தினாலோ ஆபத்து என்றாலோ இந்தக் கணக்கு செல்லாது. அங்கே குறுக்கே போய் நிறுத்த வேண்டும், தாங்கப் பழக்கக் கூடாது.

மூன்றாவது வழிக்கு நேரம் அதிகம் வேண்டும். நாங்கள் பத்து நிமிடம் முன்னதாகவே கிளம்ப ஆரம்பித்தோம். அந்தப் பத்து நிமிடம் இல்லாத நாட்களில், 'இன்றைக்கு நான் கட்டுகிறேன், நாளைக்கு நீ' என்று சொல்லிவிட்டுக் கட்டினேன்.