நெக் பிக்கப் தேர்வு: சீமோர் டங்கன் ஜாஸ், '59 – ஒரு மதிப்பீடு

எலெக்ட்ரிக் கிட்டாரில் தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பாகம் பிக்கப். தந்திகள் உடற்பகுதியில் ஊன்றும் பிரிட்ஜை ஒட்டி இருப்பது பிரிட்ஜ் பிக்கப், கழுத்தை ஒட்டி இருப்பது நெக் பிக்கப். பிரிட்ஜ் பிக்கப்பைப் பல நாள் அலசி ஆராய்ந்து வாங்குபவர்கள்கூட, நெக் பிக்கப் என்று வரும்போது அதற்கு இணையாகப் பெட்டியில் எது வந்ததோ அதையே பொருத்திவிடுகிறார்கள். கூடுதல் கவனம் தேவைப்படுவது நெக் பிக்கப்புக்குத்தான் என்பது என் உறுதியான கருத்து. ஹம்பக்கர் (இரைச்சலைத் தவிர்க்க இரண்டு காயில்கள், அதாவது கம்பிச்சுருள்கள், கொண்ட பிக்கப்) வகையில் இந்த இடத்துக்கு அடிக்கடி பரிந்துரைக்கப்படும் இரண்டு, சீமோர் டங்கன் நிறுவனத்தின் ஜாஸும் '59-உம். இரண்டையும் ஒரே கிட்டாரில், ஆம்பின் (ஒலிபெருக்கியின்) அமைப்பை மாற்றாமல் வாசித்துப் பார்த்தே இதை எழுதுகிறேன். டிஸ்டார்ஷனை, அதாவது ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்கும் விளைவை, கூட்டிய பிறகும் மிகத் தடித்த ஆறாம், ஐந்தாம் தந்திகளின் சுரங்கள் தனித்தனியாகக் கேட்கின்றனவா என்பதே நான் முதலில் பார்ப்பது.

பிரிட்ஜுக்கு அருகே தந்தி மிகக் குறைவாகவே அசையும். நெக் பக்கம் போகப் போக அசைவின் வீச்சு பெருகும். அதனால் அங்கே அடிப்படைச் சுரம் ஓங்கி நிற்க, மேல் ஹார்மோனிக்குகள் (அடிப்படைச் சுரத்தின் மடங்குகளாக எழும் துணை ஒலிகள்) ஒப்பீட்டளவில் அடங்கிவிடுகின்றன. போதாக்குறைக்கு, ஹம்பக்கரின் இரண்டு காயில்களும் தந்தியின் இரு வேறு புள்ளிகளிலிருந்து ஒலியை வாங்குவதால், உயர்ந்த அதிர்வெண்களில் சில ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. பிரிட்ஜில் காதை உறுத்தும் கூர்மையைத் தணிக்கும் இந்தக் குணம், நெக்கில் தடித்த தந்திகளின் ஒலியைக் கூழாக்கிவிடக்கூடும். ஆகவே பிரிட்ஜ் பிக்கப்புக்குச் சிறப்பாகச் சொல்லப்படும் அதிக அவுட்புட், நெக்கில் பெரும்பாலும் தொல்லையாகவே முடிகிறது.

விவரத்தாளில் இருக்கும் மின்தடை எண்ணை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. ஜாஸின் நெக் வடிவம் ஏறக்குறைய 7.7 கிலோ ஓம், '59 ஏறக்குறைய 7.4 கிலோ ஓம். இரண்டிலும் இருப்பது ஆல்னிக்கோ 5 என்ற உலோகக் கலவைக் காந்தமே. எண் கூடினால் ஒலி கனக்கும் என்ற வழக்கமான கணிப்பின்படி ஜாஸ்தான் சற்றுக் கனமாக ஒலிக்க வேண்டும். காதில் விழுவதோ நேர்மாறானது.

ஆறாம் தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டையும் (ஃப்ரெட் என்பது கழுத்தின் குறுக்கே பதித்த கம்பி) ஐந்தாம் தந்தியின் இரண்டாம் ஃப்ரெட்டையும் சேர்த்து வாசித்துப் பாருங்கள். தாழ்ந்த ஸ்தாயியில் ஜி, பி என்ற இந்த மேஜர் மூன்றாம் இடைவெளி, டிஸ்டார்ஷனுக்குள் போனால் உறுமலாக மாறிவிடும் இயல்புடையது. '59-இல் அப்படித்தான் ஆயிற்று. உறுமல் கேட்டதே தவிர, மேலே இருப்பது மேஜரா மைனரா என்று பிரித்தறிய முடியவில்லை. ஜாஸில் உறுமல் முற்றிலும் மறையவில்லை என்றாலும், அதன் மேல் பி சுரம் தெளிவாக நின்றது. பிளெக்ட்ரம் தந்தியைத் தொடும் அந்த முதல் கணத்தின் ஓசையும் மழுங்காமல் வந்தது. கீழ்த் தந்திகளில் தொடங்கி வேகமாக மேலேறும் சுர வரிசைகளில் இந்த வேறுபாடு இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. நெக் பிக்கப்பில் சோலோ வாசிப்பவர்களுக்கு இதற்காகவே ஜாஸைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

பன்னிரண்டாம் ஃப்ரெட்டை ஒட்டிய பகுதி தனியாகக் கவனிக்கத்தக்கது. 22 ஃப்ரெட் கொண்ட கிட்டார்களில் நெக் பிக்கப் ஏறக்குறைய 24-ஆம் ஃப்ரெட் இருக்க வேண்டிய இடத்தை ஒட்டி அமைந்திருக்கும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டை அழுத்தும்போது எஞ்சிய தந்தியின் நட்ட நடுப்புள்ளி அதுதான். நடுப்புள்ளியில் இரட்டைப்படை ஹார்மோனிக்குகளுக்கு அசைவே இல்லாததால், அங்கே வாசிக்கும் சுரங்கள் புல்லாங்குழல் போல உருண்டு திரண்டு ஒலிக்கின்றன. நெக் பிக்கப்பை நாம் நாடுவதே இந்த ஒலிக்காகத்தான். இதில் மட்டும் '59 ஒரு படி மேலே நிற்கிறது. அதன் சுரங்களுக்கு உடல் கூடுதலாக இருக்கிறது. மெதுவான மெட்டுகளில், குறிப்பாக ஆம்பைத் தூய ஒலியில் வைத்து வாசிக்கும்போது, ஜாஸ் சற்று மெலிந்ததாகவே தோன்றுகிறது. இயல்பிலேயே கூர்மையாக ஒலிக்கும் கிட்டார் வைத்திருப்பவர்கள் '59-ஐ எடுப்பதே நல்லது. 24 ஃப்ரெட் கிட்டார்களுக்கும் இதுவே என் கருத்து. அவற்றில் நெக் பிக்கப் பிரிட்ஜை நோக்கிச் சற்று நகர்ந்துவிடுவதால் ஒலியில் கனம் குறைகிறது, அந்தக் குறையை '59 ஈடுகட்டுகிறது.

நான்கு இணைப்பு இழைகள் கொண்ட வடிவத்தை வாங்கினால் ஒரு காயிலை மட்டும் ஒலிக்கச் செய்யலாம் என்பார்கள். ஜாஸில் அப்படிச் செய்தால் ஒலியளவு குறைந்து, ஹம் என்ற மின் இரைச்சலும் திரும்பி வருகிறது. இரண்டு காயில்களையும் பேரலலாக (பக்க இணைப்பில்) இணைப்பதே மேல். பளிச்சென்ற ஒலியும் கிடைக்கிறது, இரைச்சலும் எழுவதில்லை.

வயர் நிறங்களில் மிகுந்த எச்சரிக்கை தேவை. சீமோர் டங்கனில் கறுப்பு சிக்னலுக்கு, பச்சையும் உறையற்ற இழையும் கிரவுண்டுக்கு. சிவப்பையும் வெள்ளையையும் ஒன்றாகப் பற்றவைத்துத் தனியே மூடிவிட வேண்டும். டிமார்ஸியோ என்ற மற்றொரு நிறுவனத்தின் பிக்கப்புகளிலோ சிவப்புதான் சிக்னல். கறுப்பும் வெள்ளையும் ஒன்றாகச் சேரும். டிமார்ஸியோ வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு ஜாஸை இணைத்தால் ஒரு காயிலின் இரு முனைகளும் ஒன்றோடொன்று சேர்ந்து அது செயலற்றுப்போகும். மெலிந்த ஒலியும் இரைச்சலும் கேட்க, புதிய பிக்கப்பே பழுது என்று எண்ணத் தோன்றும். வேறு நிறுவனத்தின் பிரிட்ஜ் பிக்கப்போடு சேர்த்துப் பொருத்தும்போது, இரண்டும் ஒன்றாக ஒலிக்கும் நடு நிலையில் மட்டும் ஒலி வற்றிப்போனால், இரண்டின் அலைப்போக்கும் (phase) எதிரெதிராக இருக்கிறது என்று பொருள். ஜாஸின் கறுப்பையும் பச்சையையும் இடம் மாற்றினால் போதும். உறையற்ற இழை கிரவுண்டிலேயே இருக்கட்டும்.

உயரத்தைப் பொறுத்தவரை, கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தடித்த தந்தியின் பக்கம் சுமார் 2.5 மில்லிமீட்டரும் மெல்லிய தந்தியின் பக்கம் சுமார் 2 மில்லிமீட்டரும் இடைவெளி விட்டுத் தொடங்கலாம். '59-இல் தடித்த தந்தியின் பக்கத்தை இன்னும் கொஞ்சம் இறக்கினால் நான் மேலே குறை சொன்ன உறுமலில் ஒரு பங்கு தணிகிறது. ஆனாலும் ஜாஸின் தெளிவை அது எட்டுவதில்லை.

இரண்டுக்குமே வால்யூம், டோன் கட்டுப்பாடுகள் 500 கிலோ ஓம் அளவில் இருப்பது அவசியம். முன்பு சிங்கிள் காயில் பொருத்தப்பட்டிருந்த கிட்டார்களில் பெரும்பாலும் 250 கிலோ ஓம்தான் இருக்கும். அதை மாற்றாமல் ஜாஸைப் பொருத்தினால், எந்த மேல் அதிர்வெண்களுக்காக அதை வாங்கினோமோ அவையே அடங்கிவிடும். பிக்கப்புக்கு ஆர்டர் சொல்லும்போதே அந்தச் சிறு பாகங்களையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.