வயிற்றில் பேண்டோடு மதுரை விடுமுறை

உடல் எடையைக் குறைக்க இரைப்பையில் கேஸ்ட்ரிக் பேண்ட் என்ற வளையத்தை வைத்துக்கொண்டவர்கள் ஊருக்குக் கிளம்பும்போது, டிக்கெட் போட்ட கையோடு ஒன்றை விசாரித்துவிட வேண்டும். அங்கே அதை இறுக்கவும் தளர்த்தவும் தெரிந்த மருத்துவர் யார்? நான் வசிக்கும் மெல்போர்னில் இது ஒரு கேள்வியே இல்லை. ஆஸ்திரேலியாவில் ஒரு காலத்தில் பேண்ட் ஏராளமாக வைக்கப்பட்டது, அதனால் இன்றும் அதைப் பார்க்க ஆள் இருக்கிறது. மதுரையில் போன் செய்த இடங்களில் எல்லாம் "ஸ்லீவா சார், பைபாஸா?" என்றுதான் கேட்டார்கள். இரண்டும் எடை குறைக்கச் செய்யும் வேறு அறுவை சிகிச்சைகள். இந்தியாவில் இப்போது இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஸ்லீவ் முறைதான் அதிகம்.

தேவை வந்தது வந்த வாரத்திலேயே. இட்லிகூட இறங்க மறுத்தது. நெஞ்சுக்குள் நின்றுகொண்டு எச்சிலாகப் பொங்கும். பேண்ட் வைத்தவர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும். பேண்ட் என்பது இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றிய சிலிக்கோன் வளையம். அதிலிருந்து ஒரு குழாய் வந்து, வயிற்றுத் தோலுக்கு அடியில் ஊசி குத்துவதற்காக வைத்திருக்கும் போர்ட்டில் முடியும். போர்ட் வழியாக சலைன், அதாவது உப்புநீர், ஏற்றினால் வளையம் இறுகும், எடுத்தால் தளரும்.

முதலில் போன தனியார் மருத்துவமனையில் வரவேற்பிலேயே முழு உடல் பரிசோதனை பேக்கேஜ் ஒன்றைத் தலையில் கட்டப் பார்த்தார்கள். அதைத் தாண்டி உள்ளே போனால், இளம் மருத்துவர் சாதாரண ஊசியைக் கையில் எடுத்துவிட்டார். வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன். சாதாரண ஊசி போர்ட்டின் சிலிக்கோனைத் துளைத்து எடுத்துவிடும், பிறகு சலைன் கசியும். ஹூபர் ஊசிதான் வேண்டும். கீமோதெரபி போர்ட்டுக்குப் போடுவதும் அந்த வகைதான் என்பதால் பெரிய மருத்துவமனைகளில் அது இல்லாமல் இருக்காது. கேட்கத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி என்று சென்னைக்கு ரயில் ஏறினேன். அங்கே பார்த்த அறுவை சிகிச்சை நிபுணர் முதலில் கேட்டது மூன்று விவரம்: பேண்ட் எந்த வகை, மொத்தம் எத்தனை மில்லி கொள்ளும், இப்போது உள்ளே எவ்வளவு இருக்கிறது. சில பேண்டுகள் 4 மில்லிதான் கொள்ளும், சில 10 மில்லி கொள்ளும் என்பதால் இது தெரியாமல் கைவைக்க முடியாது. எக்ஸ்ரேயில் தெரியும் பேரியம் கரைசலைக் குடிக்க வைத்துப் பார்த்து, பேண்ட் நழுவவில்லை என்று உறுதி செய்துகொண்டு கொஞ்சம் சலைனை எடுத்தார். வேலை சில நிமிடங்களில் முடிந்தது.

ஆனால் அன்று கொடுத்த காசுக்கு முழு மதிப்பு அங்கிருந்த டயட்டீஷியன் அம்மாவிடம்தான் கிடைத்தது. "ஊருக்கு வந்ததுலேருந்து என்னெல்லாம் குடிச்சீங்க?" என்று கேட்டார். சாப்பிட்டதைக் கேட்கவில்லை, கவனியுங்கள். சர்க்கரை போட்ட ஃபில்டர் காபி, பருத்திப்பால், ஜிகர்தண்டா என்று அடுக்கினேன். பேண்ட் இட்லியைத் தடுக்கும், ஜிகர்தண்டாவைத் தடுக்காது என்றார். அல்வாவும் ஐஸ்கிரீமும் அப்படியே வழுக்கிக்கொண்டு போய்விடும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பேண்ட் அளவுக்கு மீறி இறுகியிருந்தால் மீனும் முட்டையும் சிக்கும். சிக்காத இனிப்புக்கும் குழைந்த சோற்றுக்கும் கை போகும், எடை ஏறும். உடனே இன்னும் இறுக்கச் சொல்லி வந்து நிற்பார்களாம். அப்போது தளர்த்துவதுதான் மருந்து.

மற்றபடி அவர் சொன்னவை மெல்போர்னிலும் கேட்டவைதான்: புரதத்தை முதலில் சாப்பிடு, சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம், சின்னக் கவளமாக மென்று மெதுவாகத் தின்னு, நட. கல்யாணப் பந்தியில் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த ஆள் வந்து நின்றுகொண்டிருக்கும்போது எப்படி மெதுவாகத் தின்பது என்று கேட்டேன். "கடைசிப் பந்தியில உக்காருங்க" என்றார்.

அத்தைக்கு வேறு கவலை. "ஏன்டா, ஆபரேஷன் பண்ணியும் இவ்ளோதான் குறைஞ்சியா?" பேண்டில் எடை வாரத்துக்கு அரை கிலோ, மிஞ்சினால் ஒரு கிலோ என்றுதான் இறங்கும். இரண்டு மூன்று வருடத்தில் மிகை எடையில் பாதி போனால் நல்ல பலன். எதிர்வீட்டுக்காரர் ஸ்லீவ் செய்து மளமளவென்று இளைத்ததை இதோடு ஒப்பிட்டால் மனம்தான் சோர்ந்துபோகும்.

2008ல் மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழகக் குழு ஒரு ஆய்வை வெளியிட்டது. புதிதாகச் சர்க்கரை நோய் வந்த, உடல் பருமனான 60 பேரில் பாதிப் பேருக்கு பேண்ட், மீதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. இரண்டு வருட முடிவில் பேண்ட் தரப்பில் 73 சதவீதம் பேருக்கு சர்க்கரை கட்டுக்குள் வந்து நோய் தணிந்திருந்தது, மற்ற தரப்பில் 13 சதவீதம். இந்த எண்களைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அந்த இரண்டு வருடமும் அவர்கள் ஆறு வாரத்துக்கு ஒருமுறை மருத்துவக் குழுவில் யாராவது ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை. என்னைக் கேட்டால் முக்கியமான எண் அந்த ஆறுதான். பேண்ட் வண்டி மாதிரி, சர்வீஸுக்கு விடாவிட்டால் ஓடாது.

அதனால், செலவு குறைவு என்று விடுமுறையில் வந்து பேண்ட் வைத்துக்கொண்டு திரும்ப நினைப்பவர்களுக்கு: நீங்கள் வசிக்கும் ஊரில் அதைத் தொடர்ந்து பார்க்க ஒரு கிளினிக் சம்மதிக்கிறதா என்று முதலில் கேளுங்கள். வேறிடத்தில் வைத்த பேண்டைத் தொட மாட்டோம் என்பவர்கள் உண்டு. அப்படியொரு கிளினிக் கிடைக்காவிட்டால் பேண்ட் வேண்டாம், வேறு முறைகளைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். பேண்ட் ஏற்கெனவே இருந்தால், அந்த மூன்று விவரத்தையும் போனில் படமெடுத்து வைத்துக்கொண்டு விமானம் ஏறுங்கள்.